நான் கட்டிய இரண்டு பொட்டலங்கள்

தம்பி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அப்பனை நீ பார்த்திருக்க மாட்டாய். எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரில் சொல்ல மூன்று நாளாக முயன்று பார்த்தேன், முடியவில்லை. நீ கடையிலிருந்து வந்து கால் கழுவும்போது தொண்டை வரைக்கும் வரும். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடும். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூட ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, எழுதி எழுதியே காலம் தள்ளியவன் நான். பேச வேண்டிய இடத்திலும் காகிதத்தைத்தான் தேடுகிறேன். அலுப்பாக இருக்கிறது தம்பி. ஒரு பொய்யைச் சொல்வதற்கு ஆகும் தெம்பு கொஞ்சம்தான், அதைக் காப்பாற்றத்தான் நிறைய வேண்டியிருக்கிறது. இந்த அறுபத்தொரு வயதில் அது என்னிடம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அழகர்கோவிலுக்குப் போய், பதினெட்டாம்படிக் கருப்பனிடம் பூக்கட்டிக் கேட்கப் போவதாக உன் அம்மாவிடம் சொன்னாயாம். அந்த மருந்துக் கம்பெனியில் மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள், உன் கூட்டாளி பிரபு தகவல் சொன்னான், சொந்த மோட்டார் சைக்கிள் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் அவளிடம் சொல்லியிருக்கிறாய். "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி சாமி வேணாம்னு சொல்லிருச்சும்மா. இன்னொருக்கா கேட்டுப் பாக்குறேன். இந்தத் தடவையும் செவப்பு வந்தா அம்புட்டுதான், விட்டுர்றேன்" என்றாயாம். அதை ஒரு சொல் மாறாமல் என்னிடம் ஒப்பித்துவிட்டு, முறத்தில் கிடந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல் உன் அம்மா கேட்டாள்: "இந்தத் தடவையும் நீங்கதான் பொட்டலம் கட்டப் போறீகளா?"

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைப் பூ வந்தால் வண்டி வாங்க உத்தரவு, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் வாழையிலைத் துண்டில் வைத்து, அடையாளம் தெரியாதபடி நூல் சுற்றிக் கொண்டுவர வேண்டியது என் பொறுப்பு. நீ தேங்காய் பழம் வாங்கப் போயிருந்தாய். பூக்காரம்மா கடைக்குப் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து நான் கட்டினேன். இரண்டிலும் செவ்வரளியைத்தான் வைத்தேன். நந்தியாவட்டையை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்தேனா, யோசிக்காமல் செய்தேனா என்று என்னைக் கேட்காதே. வாழையிலையை இரண்டாகக் கிழித்தபோதே என் கை அப்படித்தான் செய்யப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

பூசாரி தட்டை நீட்டி, "நீயே எடுப்பா" என்றார். முதலில் இடது பக்கம் கையைக் கொண்டு போனாய். அப்புறம் நின்று, கண்ணை மூடி என்னவோ வேண்டிக்கொண்டு, வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாய். அந்தச் சின்னத் தயக்கம் இருக்கிறதே தம்பி, இரண்டு வருடமாக என்னைத் தூங்கவிடாதது அதுதான். எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்தவன் பக்கத்திலேயே கைகட்டி நிற்கிறான், நீயோ எதை எடுப்பது என்று சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாய். பூசாரி பிரித்துப் பார்த்து, "செவப்பு வந்துருக்குப்பா. இப்போதைக்கு உத்தரவு இல்ல" என்றார். தட்டில் மிச்சம் இருந்ததை வேறு யாரும் தொடுவதற்கு முன்னால் நான் எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என் தோளைத் தொட்டு, "விடுங்கப்பா, வருத்தப்படாதீங்க. சாமி சொன்னா ஒரு காரணம் இருக்கும்" என்றாய். நீ எனக்கு ஆறுதல் சொன்னாய்! ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வருகிறது என்று நீ நினைத்திருப்பாய். வந்தது வெட்கம்.

அந்த வேலை பிரபுவுக்குப் போயிற்று. நீ காளவாசலில் பெயின்ட் கடையில் பில் போட உட்கார்ந்தாய். அதைக் கேவலம் என்று சொல்லவில்லை, உழைப்பு உழைப்புதான். ஆனால் அதற்குப் பிறகு உன்னிடம் ஒன்று மாறியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரபு தன் வண்டியைக் கொடுத்து, "ஓட்டிப் பாரு மாப்ள" என்றாலும், "வேணாம்டா, எனக்குக் குடுத்து வைக்கல" என்று விலகினாய். பேங்க் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு எழுதப் போகாமல் இருந்தாய். கேட்டால், "நமக்கு எதுவும் அமையாதுப்பா" என்றாய். இருபத்தாறு வயதில் இப்படி ஒருவன் பேசலாமா என்று உன் மாமா என்னிடம் சத்தம் போட்டார். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று அவருக்குத் தெரியாது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால், பயம். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அதையும் நீ தப்பாகத்தான் கேட்டிருக்கிறாய்.

உனக்கு அப்போது நாலு வயது. நான் முதன்முதலாக வண்டி வாங்கக் கிளம்பினேன். எனக்கு ஆசையெல்லாம் சின்னதாக ஒரு மொபெட்டின் மேல்தான். நான் குள்ளம், கனமான சாமானைத் தூக்கிப் பழக்கமில்லாத ஆபீஸ் உடம்பு. உன் மாமா கூட வந்தார். "என்ன மாப்ள, இதுல போயி எங்க ஊருக்குள்ள எறங்குனா என்னையப் பாத்துல்ல சிரிப்பாய்ங்க" என்றார். அவர் சொன்னதில் பாதி கேலி, பாதி பாசம். நான் ரோஷப்பட்டு, கடையிலேயே பெரிய வண்டியைக் காட்டி அதையே எடுத்துவிட்டேன். உட்கார்ந்து பார்த்தபோது பெருவிரல் நுனி மட்டும்தான் தரையில் பட்டது. "ஓட ஆரம்பிச்சா கால் எதுக்கு சார்?" என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஓடும்போது கால் வேண்டாம்தான், நிற்கும்போது வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை.

வண்டி வாங்கி மூன்றாவது வாரம், ஒரு கார்த்திகை அன்று, திருப்பரங்குன்றத்துக்குக் கிளம்பினோம். உன்னை டேங்க் மேல் உட்கார வைத்திருந்தேன், உன் அம்மா பின்னால். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகளெல்லாம் வரிசையாக நின்றன. நானும் நிறுத்தினேன். அந்த இடத்தில் சாலை இடது பக்கமாகச் சரிந்திருந்தது. காலை ஊன்றினேன், தரை இல்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன், அப்போதும் இல்லை. அவ்வளவுதான், நின்ற வண்டி நின்ற இடத்திலேயே சாய்ந்தது. உன்னை முன்னால் நின்ற ஒரு அம்மா பிடித்துக்கொண்டார். உன் அம்மாவின் இடது கை வண்டிக்கும் சாலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஓடி வந்தவர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டே, "என்ன சார் ஆச்சு? எப்பிடி விழுந்தீக?" என்று கேட்டார்கள். அத்தனை பேர் முன்னால், நின்ற வண்டியைப் பிடிக்கத் தெரியாமல் பொண்டாட்டி பிள்ளையைக் கீழே போட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாய் குறுக்க வந்துருச்சு" என்றேன்.

கேட்டில் நின்ற கூட்டத்துக்கு நடுவில் எந்த நாய் குறுக்கே வரும்? யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது உன் அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க, நாயிதான்" என்றாள். அன்றிலிருந்து அந்த நாய் நம் வீட்டில் வளர ஆரம்பித்தது. உன் மாமா அது என்ன நிறம் என்று கேட்டார், செவலை என்றேன். ஒரு மாதத்தில் வண்டியை விற்றுவிட்டு மறுபடி பஸ் ஏறினேன். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. நீ மூன்றாவது படிக்கும்போது தெருவில் ஒரு செவலை நாயைக் கல்லால் அடித்துக் காலை ஒடித்தாய். "அம்மா கைய ஒடிச்ச நாயி" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவன் நான், உன்னை அடிக்கவும் முடியாமல் அணைக்கவும் முடியாமல் நின்றேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். பழியை முதலில் ஒரு நாயின் மேல் போட்டேன், பிறகு சாமியின் மேல் போட்டேன். உன் அப்பன் ஏறிப்போன படி இவ்வளவுதான்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது எது தெரியுமா? நீ நான் செய்த தப்பைச் செய்யவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு வண்டி தேடும்போது நீ ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததை நான் பார்த்தேன். கதவோரம் நின்று, உன் அம்மாவை டேப் பிடிக்கச் சொல்லி, உன் கால் உயரத்தை அளந்திருந்தாய். ஒவ்வொரு வண்டிக்கும் சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம், எடை எவ்வளவு, வேலைக்காக உசிலம்பட்டி வரை போய்வர எவ்வளவு பெட்ரோல் என்று வரிசையாக எழுதியிருந்தாய். பெரிய வண்டிகள் மூன்றை நீயே அடித்துவிட்டு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டி ஒன்றின் பக்கத்தில், "இது போதும். முதல் வண்டிதானே" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோதே எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான். இவ்வளவு யோசிக்கிறவன் நிச்சயமாக வாங்கிவிடுவான் என்று பயம். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் நாம் கோயிலுக்குப் போனது.

உன் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பாய். மடியில் செருகிய பொட்டலத்தை வீட்டுக்கு வந்ததும் தூக்கிப்போட மறந்துவிட்டேன். வேட்டியை நனைக்கப் போனவள் பிரித்துப் பார்த்திருக்கிறாள். வெள்ளைப் பூ இருக்க வேண்டிய பொட்டலத்தில் சிவப்பு. சட்டைப் பையில் வாடிப்போன நந்தியாவட்டை. அவள் கணக்கில் புலி இல்லைதான், ஆனாலும் இதைக் கூட்டிப் பார்க்க ரொம்ப நேரம் ஆகியிருக்காது. "அன்னைக்கே ஏன் கேக்கல?" என்றேன் மூன்று நாளைக்கு முன்னால். "நீங்களாச் சொல்லுவீகன்னு பாத்தேன்" என்றாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் பயந்தான். புள்ள வண்டி எடுக்காம இருந்தா நல்லதுன்னு நானும் வாய மூடிக்கிட்டேன். ஆனா அவன் இப்ப பேசுற பேச்சு சகிக்கலைங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிருவேன்" என்றாள். அவள் மேல் கோபப்படாதே. சரியாகச் சேராத அந்தக் கையோடு இருபது வருடத்துக்கு மேலாக இட்லிப் பானை இறக்குகிறாள், ஒரு நாளும் நாயைப் பற்றி என்னைக் குத்திக்காட்டியதில்லை.

முந்தாநாள் நீ கடைக்குப் போனதும் நான் தனியாக அழகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். கருப்பனாகவே நினைத்துக் கும்பிடுகிற அந்தக் கதவுக்கு முன்னால் பொய் சத்தியம் பண்ணினால் விளங்க மாட்டான் என்று நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வழக்கில் நிற்கிறவர்கள்கூட அந்த வாசலுக்கு வா என்றால் பின்வாங்கிவிடுவார்கள். அந்த இடத்தில் போய்த்தான் நான் பொட்டலத்தில் கைவைத்திருக்கிறேன். சந்தனம் பூசிய கதவைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன், கற்பூரம் ஏற்றினேன். பாரம் இறங்கவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் புரிந்தது. சாமியிடம் சொல்வது சுலபம், சாமி திருப்பி ஒன்றும் கேட்காது. நான் ஏமாற்றியது உன்னை. நீ கேட்பாய்.

நேற்று காளவாசலில் உன் கடையைத் தாண்டி, அந்தச் சிக்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஷோரூமுக்குப் போனேன். நீ பார்த்துவிடக் கூடாது என்று குடையை விரித்துக்கொண்டு போனேன், வெயில் ஒரு சாக்கு. அங்கே இருந்த விற்பனைப் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். "யாருக்குங்கய்யா வண்டி?" என்றது. மகனுக்கு, முதல் வண்டி, இனிமேல்தான் ஓட்டிப் பழகப் போகிறான் என்றேன். "அப்ப அவர்தாங்கய்யா வரணும். ஒக்காந்தா ரெண்டு பாதமும் முழுசா தரையில படணும். கையால பின்னாடி தள்ளிப் பாக்கச் சொல்லுங்க, ஸ்டாண்டு போட்டு எடுக்கச் சொல்லுங்க. அதுல தெணறுனா அந்த வண்டி வேணாம்" என்றது. இருபத்துச் சொச்ச வருடத்துக்கு முன்னால் இப்படி ஒருத்தர் எனக்குச் சொல்லியிருந்தால் உன் அம்மாவின் கை நன்றாக இருந்திருக்கும். இல்லை, பொய் சொல்லக் கூடாது. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நான் கேட்டிருக்க மாட்டேன். நீ தாளில் குறித்திருந்த அந்த வண்டி அங்கே நின்றது. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் பட்டன. எனக்கே பட்டதென்றால் உனக்கென்ன. ஒன்றும் முன்பதிவு செய்யாமல் வந்துவிட்டேன். அதைச் செய்ய வேண்டியவன் நீ.

எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொல்லி வைக்கிறேன், கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. வண்டி வாங்கப் போகும்போது உன் மாமாவைக் கூட்டிப் போகாதே, நல்லவர்தான், ஆனால் அவர் கேலிக்கு விலை அதிகம். வண்டிக்கு முன்னால் ஹெல்மெட் வாங்கு. அதைத் தலையில் மாட்டு, டேங்க் மேல் உட்கார வைத்து ஊர்வலம் கூட்டிப் போகாதே. ஷோரூமிலிருந்து வீட்டுக்குப் பிரபுவை ஓட்டி வரச் சொல். காளவாசல் கூட்டத்தில் முதல் நாளே ஓட்டிப் பழகுவது வீரம் இல்லை. ஒரு மாதம் காலை வேளையில் திருப்பரங்குன்றம் பக்கம் ஆள் குறைந்த தெருக்களில் நிறுத்தி நிறுத்திப் பழகு. ஓட்டுவதை எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள், நிறுத்துவதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. செக்கானூரணி தாண்டினால் அறுவடைக் காலத்தில் சாலையிலேயே கதிரையும் உளுந்தையும் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஏற்றி பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும், இறங்கி உருட்டிக்கொண்டு போனாலும் தப்பில்லை. முதல் இரண்டு மாதம் யாரையும் பின்னால் ஏற்றாதே, என்னையும்தான். கீழே விழுந்தால் விழுந்தேன் என்று வந்து சொல். நாய் வேண்டாம்.

இனி நீ என்னிடம் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. கத்தினால் கத்து. நாலு நாள் பேசாமல் இருந்தால் இரு, அதற்கும் உனக்கு உரிமை உண்டு. "எம்புட்டு நம்புனேன்ப்பா உங்கள" என்று நீ கேட்டால் கேட்டுக்கொண்டு நிற்பேன். மன்னித்துவிடு என்று எழுதிவிட்டு, அதையும் உன் தலையில் ஒரு கடமையாக ஏற்ற எனக்கு மனமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சாமி உன்னை வேண்டாம் என்று சொன்னதாக நினைத்து இந்த இரண்டு வருடத்தில் எதையெல்லாம் கைவிட்டாயோ, அதையெல்லாம் மறுபடி ஒரு தரம் எடுத்துப் பார். உனக்கு அமையாது என்று யாரும் சொல்லவில்லை. சாமியை நான் பேசவே விடவில்லை.

அழகர்கோவிலுக்கு ஞாயிற்றுக்கிழமை நீ போவதென்றால் போய்க் கும்பிட்டுவிட்டு வா. பூக்கட்டிக் கேட்கத்தான் வேண்டும் என்றால், பொட்டலத்தை நீயே கட்டு, நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். எனக்குப் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. நீ வண்டியை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கம் போகிற ஒவ்வொரு நாளும், நீ திரும்பி வந்து எஞ்சினை அணைக்கிற சத்தம் கேட்கும் வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. ஓடாவிட்டால் போகட்டும், அது என் பயம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். இனி அதற்குச் சாமி பெயரை வைத்து உன்னிடம் கொடுக்க மாட்டேன். நீ வண்டி எடு தம்பி.

உன் அப்பா